இரண்டு கைப்பிடி செத்தல் மிளகாய்

என் மகள் ஒரு வருடமும் நாலு மாதமும் பாட்டுக்காரியாக இருந்தாள். அதற்கு முன்னும் வீட்டில் பாடினாள். அதற்குப் பிறகு பாடவில்லை. அது நின்றது என்னால். அதைத்தான் எழுதுகிறேன்.

அவள் பாடியது கன்ட்ரி. அமெரிக்காவில் மாடு வளர்க்கிறவர்களும் லொறி ஓட்டுகிறவர்களும் கேட்கிற பாட்டு. நோர்வேக்காரருக்கும் அது பிடிக்கும். ஒஸ்லோவை விட்டு வெளியே போகப் போக இன்னும் பிடிக்கும். எங்கள் வீட்டுக்கு அது லொறியில் வந்தது. என் கணவர் ஒரு பேக்கரிக்குப் பாண் ஏற்றி ஓடுகிறவர். பள்ளி விடுமுறை நாட்களில் எனக்கு வேலை இருந்தால் மகளைப் பக்கத்தில் இருத்திக் கொண்டு போவார். அந்த லொறி றேடியோவில் ஒரே ஒரு நிலையம்தான் ஒழுங்காக இழுக்கும். அதில் நாள் முழுக்க கன்ட்ரி. ஏழு வயதில் எல்லாம் பாடமாகிவிட்டது அவளுக்கு.

தமிழ்ப் பள்ளியில் பண்ணிசை வகுப்புக்கு விட்டோம். மூன்றாம் மாதம் ரீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை மூக்காலை பாடுது. ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டிப் பாருங்கோ."

"அது மூக்கில்லை ரீச்சர், ஸ்டைல்" என்றாள் மகள். அதோடு பண்ணிசை முடிந்தது.

பதினெட்டு வயதில் அவளாகவே பாட்டுக் கட்டினாள். தகப்பனின் பாண் லொறியைப் பற்றி ஒன்று. எங்கள் மோர்டென்ஸ்ருட் கட்டடத்தின் கீழே எல்லாரும் உடுப்புத் தோய்க்கிற அறை இருக்கிறது. அங்கே குரல் நல்லாய் எழும்பும் என்று கிற்றாரைத் தூக்கிக் கொண்டு வந்தாள். நான் படுக்கை விரிப்பு மடித்துக் கொண்டிருந்தேன். போனை மெஷின் மேல் சாய்த்து வைத்து விட்டுப் பாடினாள். பின்னால் எங்கள் உடுப்புகள் சுற்றிக் கொண்டிருந்தன. அன்றே அந்த வீடியோவை நெற்றில் போட்டாள். அது ஒரு செப்டெம்பர் மாதம்.

நான் முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை. மூன்றாம் நாள் அங்கே கூட வேலை செய்கிறவள் போனை நீட்டி, "இது உன் மகள்தானே?" என்றாள். நாலு இலட்சம் பேர் பார்த்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இருவது வருசமா லொறி ஓடுறன். ஒரு நாய் திரும்பிப் பாக்கேல்லை. இப்ப உலகமெல்லாம் என்ரை லொறியைப் பாக்குது."

"லொறியை இல்லை அப்பா, என்னை."

"லொறி இல்லாமல் நீ எங்காலை?"

பாட்டுக் கம்பனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நோர்வேக்காரி, முப்பது வயது இருக்கும், சப்பாத்தைக் கழற்றி விட்டுக் கீழே சப்பாணி கட்டி இருந்தாள். ஆறு வடை சாப்பிட்டாள். மகள் கையெழுத்து வைத்தாள். அடுத்த கோடையில் வடக்கே ஒரு சிறிய ஊரில் கன்ட்ரி விழா. நாங்களும் போனோம். புல்வெளி நிறையத் தொப்பி போட்ட சனம். மகள் லொறிப் பாட்டைத் தொடங்கினாள். முன்னால் நின்ற கிழவர்கள் சொல் பிசகாமல் கூடப் பாடினார்கள். என் கணவர் அங்காலே திரும்பி நின்று கொண்டார். எனக்கு அந்த இங்கிலிஸ் பாதிதான் விளங்கும். ஆனால் அவளுடைய குரல் மேலே போய் அங்கேயே நின்றபோது, பெற்றவள் நான்தானா என்று நினைத்தேன்.

ஜனவரியில் ரிவியில் பாடக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு, நேரடியாக, நாடு முழுக்கப் பார்க்கும் நிகழ்ச்சி. அது நல்லாய்ப் போனால் வசந்தத்தில் ஊர் ஊராகப் பாட்டுப் பயணம் என்று கம்பனிப் பெண் சொல்லியிருந்தாள். அது எவ்வளவு பெரிசு என்று மகளுக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். அவளின் தொண்டைக்குக் கூடாதென்று வீட்டில் ஒரு கிழமையாக ஐஸ்கிறீம் கூட இல்லை.

அந்த வியாழக்கிழமை மூன்றாம் மாடிக்காரி வந்தாள். மட்டக்களப்பு. எனக்கு இங்கே சொந்தம் மாதிரி. போனில் மகளின் வீடியோவைப் பார்த்து விட்டுக் கன்னத்தில் கை வைத்தாள்.

"என்னகா இது, இவ்வளவு சனம் பாத்திரிக்கி. புள்ளைக்குக் கண்ணூறு கழிச்சியாகா?"

"இல்லை."

"பாக்கிறது கண்ணூறு. கீழே எழுதி வைக்கிறது நாவூறு. ரெண்டும் இரிக்கி. ஒண்டும் செய்யாம ரிவிக்கு அனுப்பப் போறியா?"

என் மனதில் அது முன்னமே இருந்தது. அவள் சொன்னதும் உறுதியாகிவிட்டது.

உப்பு இருந்தது. கடுகு இருந்தது. செத்தல் மிளகாய் இருந்தது. முச்சந்தி மண் வேண்டும். ஜனவரியில் ஒஸ்லோவில் மண் எங்கே? எல்லாம் பனிக்கட்டி. சனம் வழுக்காமல் நடக்கத் தூவுகிற சின்னக் கல்லில் ஒரு பிடி அள்ளினேன், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில். மூன்று வழி சேரும் இடம்தான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். நாலு மணிக்கு அவளை ஏற்ற ராக்சி வரும். புகைக்குக் கத்துகிற மணியைக் கணவரைக் கொண்டு கழற்றுவித்தேன். மகளைக் குசினியில் இருத்தித் தலையைச் சுற்றி மூன்று தரம் கழித்தேன். சிரித்தாள். "கெதியா அம்மா, தலைமயிர் குலையுது" என்றாள். எழும்பி அறைக்குப் போய் முகத்துக்குப் பூசத் தொடங்கினாள். நான் காய்ந்த தாச்சியில் எல்லாவற்றையும் போட்டேன். ஏழு மிளகாய்.

கண்ணூறு இல்லாவிட்டால் மிளகாய் கமறும், தும்மல் வரும். கண்ணூறு இருந்தால் எரிந்தாலும் மணம் வராது. எங்களுக்கு அப்படித்தான் தெரியும். மிளகாய் கருகியது. மணம் வரவில்லை.

அடுப்புக்கு மேலே புகையை இழுக்கிற விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேல் வீட்டுக்காரர் மணத்துக்குக் குறை சொல்வார். அதனால் அடுப்பைப் போட்டால் கை தானாக விசிறிக்குப் போகும். இருபது வருடப் பழக்கம். புகை முழுவதையும் அது இழுத்துக் கொண்டு போனது. அந்த நேரம் எனக்கு அது தோன்றவில்லை. இவ்வளவு சனத்தின் கண்ணுக்கு ஏழு மிளகாய் எப்படிக் காணும் என்றுதான் தோன்றியது. பையை எடுத்து இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டேன்.

மகள் அறையிலிருந்து ஏதோ கேட்டாள். விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை. விசிறியை நிறுத்தினேன்.

"என்ன பிள்ளை?"

"முடிஞ்சுதா எண்டு கேட்டனான்."

"இன்னொருக்கா. நீ எழும்பாதை, நான் கொண்டு வாறன்."

தாச்சியைத் துணியால் பிடித்துக் கொண்டு அவளின் அறைக்குப் போனேன். சின்ன அறை. வெளியே மைனஸ் பதினாலு, யன்னல் பூட்டி. அவளின் தலைக்கு மேலால் தாச்சியைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் புகை இறங்கியது.

இருமினாள். நான் சந்தோசப்பட்டேன்.

"கண்ணூறு போட்டுது பிள்ளை, போட்டுது" என்றேன். அவள் இன்னும் இருமினாள். குனிந்து கட்டிலைப் பிடித்துக் கொண்டாள். சின்ன வயதில் அவளுக்கு மூச்சு முட்டுகிற வருத்தம் இருந்தது. கணவர் ஓடி வந்தார்.

"இஞ்சாரும், உமக்கென்ன விசரே? தாச்சியை வெளியிலை கொண்டு போம்!"

பல்கனிக் கதவைத் திறந்தார். அவள் போய் அந்தக் குளிரை வாயால் இழுத்தாள். பழைய மருந்துக் குழாயைத் தேடி எடுத்து அடித்தாள். கண் சிவந்து போய் நின்றாள். முகத்தைக் கழுவித் திரும்பப் பூசினாள். ராக்சி வந்தது.

"ஒண்டுமில்லை அம்மா. தண்ணி குடிச்சாச் சரி வந்திடும்" என்றாள். குரல் அப்போதே வேறு.

எட்டு மணிக்கு மூன்றாம் மாடிக்காரியும் வந்து எங்களோடு இருந்தாள். ரிவியில் மகள் முதல் அடி பாடினாள். இரண்டாவது அடியில் மேலே போகிற இடம். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. திரும்ப முயன்றாள். ஒரு கீச்சல் மட்டும் வந்தது. அவள் நிறுத்தவில்லை. கிற்றாரை மட்டும் கடைசி வரை வாசித்து முடித்தாள். சிரித்தாள். சனம் கை தட்டியது. மூன்றாம் மாடிக்காரி என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனாள்.

மகள் வீட்டுக்கு வந்து, "தடிமன், சளி" என்றாள். கம்பனிப் பெண்ணுக்கும் அதைத்தான் சொல்லியிருந்தாள்.

அந்தக் கீச்சலை மட்டும் யாரோ வெட்டி எடுத்தார்கள். அதோடு ஆட்டின் சத்தத்தை ஒட்டினார்கள். லொறிப் பாட்டைப் பார்த்ததை விடக் கூடப் பேர் அதைப் பார்த்தார்கள். ஆட்டுக்குட்டிப் படம் போட்டு அவளுக்கே அனுப்பினார்கள். தமிழ்ப் பெயர்களும் இருந்தன.

தொண்டை டொக்டரிடம் நான் கூடப் போனேன். கமெரா விட்டுப் பார்த்தார். குரல் நாணில் ஒரு சின்ன இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார். சிகரெட் பிடிப்பாயா, புகைக்குள் நின்றாயா, ஏதாவது மருந்து மணம் சுவாசித்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இல்லை. தடிமனோடு பாடினேன்" என்றாள்.

அந்தளவு நோர்வேஜியன் எனக்கு விளங்கும். அவளின் ஜக்கெட்டை மடியில் வைத்துக் கொண்டு இருந்தேன்.

ஆறு கிழமை பேசக் கூடாது என்றார். எங்களோடு போனில் எழுதிக் காட்டித்தான் கதைத்தாள். "உப்புக் குறைவு" என்று எழுதுவாள். "அப்பா, சத்தத்தைக் குறையுங்கோ" என்று எழுதுவாள். மிளகாயைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஏழாம் கிழமை குரல் வந்தது. கதைக்கப் போதும். மேலே போகிற இடம் வரவில்லை. ஒருநாள் கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் முயன்று பார்த்தாளாம். கணவர்தான் கேட்டு விட்டு வந்து சொன்னார். பாதியில் நிறுத்திவிட்டாளாம். வசந்தப் பயணத்துக்கு வேறொரு பெண் போனாள். கம்பனிப் பெண் பூச்செண்டு அனுப்பினாள். பிறகு ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

கிற்றாரை ஒரு இளையோர் மன்றத்துக்குக் கொடுத்தாள். இப்போது ஒஸ்லோவின் மற்றப் பக்கம், ரொம்மனில் இருக்கிறாள். பல் வைத்தியர் ஒருவரிடம் வருகிறவர்களைப் பதிகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள்.

சென்ற நவம்பரில் அப்படி வந்திருந்தபோது, ரிவியில் பழைய நிகழ்ச்சிகளில் நடந்த பிழைகளைத் தொகுத்துப் போட்டார்கள். அவளும் வந்தாள், அந்தக் கீச்சலோடு. கணவர் நிற்பாட்டப் போனார்.

"விடுங்கோ அப்பா" என்றாள். பார்த்துச் சிரித்தாள். உண்மையான சிரிப்புத்தான்.

கணவர் எழும்பிப் போன பிறகு கேட்டேன். நாலு வருடம் கழித்து.

"ஏன் பிள்ளை டொக்டரிட்டைச் சொல்லேல்லை?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

"சொன்னால் அந்த கம்பனி மனிசிக்கும் சொல்ல வேணும். அவ நல்ல கதை எண்டு பேப்பருக்குக் குடுத்திருப்பா. பிறகு உங்களை வைச்சு வீடியோ போட்டிருப்பாங்கள். தாச்சியோடை."

"போடட்டுமன். என்னை ஆடு எண்டால் எனக்கென்ன? நானே பாடப் போறன்?"

"எனக்கு அது பாக்க ஏலாது அம்மா."

"டொக்டருக்காவது சொல்லியிருக்கலாம். வேறை மருந்து தந்திருப்பார்."

"தந்திருப்பாரோ தெரியாது."

"தந்திருந்தால்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினாள். நான் கறியைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் கொண்டு போனாள். பல்கனியிலிருந்து பார்த்தேன். திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள்.

இன்னும் அந்த வீடியோ இருக்கிறது. கீழே இன்னும் எழுதுகிறார்கள். பயந்து போனாள், பயிற்சி இல்லை, போனில் வந்தவர்கள் எல்லாம் இப்படித்தான் என்று எழுதுகிறார்கள். அவள் பயப்படவில்லை. பயிற்சி இருந்தது. தடிமனும் இல்லை. வீட்டில் நல்ல குரலோடுதான் இருந்தாள், பிற்பகல் மூன்று மணி வரை.