ஃபயர் டேங்க்கைத் தொட்டால்

எங்கள் தொழிற்சாலையில் என் நாத்தனாரைப் பூட்டக்கா என்றால்தான் தெரியும். உலகத்தில் எல்லோரும் மூடி வைக்கப் பூட்டு வாங்குவார்கள். இவர் திறந்து வைக்கப் பூட்டு போடுகிறவர். பம்ப் ஹவுஸிலிருந்து மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாயில் எங்கெங்கே வால்வு இருக்கிறதோ, அங்கெல்லாம் சக்கரத்தை முழுக்கத் திறந்து, சங்கிலியால் கட்டி, பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அவர் வருகிறார் என்றால் சூப்பர்வைசர்கள் அவசர அவசரமாக ஓடுவார்கள். மரியாதையால் இல்லை. நடைவழியில் எதையாவது அடுக்கி வைத்திருப்பார்கள், அதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். வீட்டிலும் அதே கதைதான். வாசலில் ஒரு ஜோடி செருப்பு குறுக்கே கிடந்தால் போதும், "ஓடற வழியில என்ன இது?" என்பார். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அவரோடு வாழ்வது லேசுப்பட்ட காரியமில்லை.

என் கணவரின் அக்கா அவர். நான் அண்ணி என்று கூப்பிடுகிறேன். புகுந்த வீட்டிலிருந்து ஒரு நாள் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "கை நீட்டினான். வந்துட்டேன்" என்றார். விளக்கம் அவ்வளவுதான். சமாதானம் பேச வந்த பெரியவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார், அவர்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டார், டம்ளர்களை எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்தார், போகவில்லை. அழுது நான் பார்த்ததில்லை. கொஞ்சம் அழுதிருந்தால் எனக்கு அவர்மேல் பாசம் வந்திருக்கும். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. சும்மா இருந்தால் வீடே ரணகளமாகிவிடும் என்று நாங்கள் வேலை பார்க்கிற இடத்திலேயே அவரையும் சேர்த்துவிட்டோம்.

அங்கே கீழ்த்தளத்தில் துணிக்குச் சாயம் போடுவார்கள். என் கணவர் அந்தப் பிரிவில். மாடியில் பெரிய கூடம். நூற்றுக்கணக்கான பெண்கள் உட்கார்ந்து பஞ்சு அடைத்த மெத்தையும் போர்வையும் தைப்போம். அண்ணி என் பக்கத்து மெஷின். ஒரு மத்தியானம் மூலையில் குவித்திருந்த கழிவுப் பஞ்சில் தீப் பிடித்துக்கொண்டது. கூரையில் வரிசையாக ஸ்பிரிங்க்ளர்கள் உண்டு. ஒவ்வொன்றின் வாயையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் அடைத்துக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் குமிழ் உடைந்து தண்ணீர் கொட்ட வேண்டும். குமிழ் உடைந்தது, தண்ணீர் வரவில்லை. அண்ணி சுவரில் இருந்த ஹோஸை இழுத்துப் பிடித்துத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது. சாயப் பிரிவு ஆண்கள் வாளி வாளியாகத் தூக்கி வந்து அணைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள் புகையைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிறகு அவள் வேலைக்கே வரவில்லை.

எப்போதோ குழாயில் கசிவு என்று வால்வை மூடியிருக்கிறார்கள். கசிவைச் சரிசெய்தார்கள். வால்வைத் திறக்க மறந்துவிட்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரிகள் முன்னால் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அண்ணி மட்டும் வாயைத் திறந்தார்.

"யார் மூடினது?"

"யாரோ மூடியிருக்காங்கம்மா" என்றார் ஒரு சூப்பர்வைசர்.

"திறக்க வேண்டியது யாரு?"

"யாராவது திறந்திருக்கணும்."

"அந்த யாராவது இனிமே நான்தான். என்னை பம்ப் ஹவுஸுக்கு மாத்துங்க."

தொல்லை விட்டால் போதும் என்று மாற்றினார்கள். தொல்லை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. பம்புகளைப் பற்றி அங்கே இருந்த மெக்கானிக்கைக் கேள்வி கேட்டே துளைத்தெடுத்துக் கற்றுக்கொண்டார். குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் குட்டி பம்ப், கரண்டில் ஓடும் பெரிய பம்ப், கரண்ட் போனால் ஓட வேண்டிய டீசல் என்ஜின், மூன்றும் அவர் பொறுப்பு. வாரா வாரம் டீசல் என்ஜினை ஓட்டிப் பார்ப்பார். அது போடுகிற சத்தத்தில் ஆபீஸில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திட்டுவார்கள். வீட்டில் என் துண்டு, தலையணை எல்லாவற்றிலும் டீசல் வாடை. சொன்னால், "வாடை வந்தாத்தான் ஓடுதுன்னு அர்த்தம்" என்பார். இவரிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் இருக்கிறது அந்தப் பெரிய கான்கிரீட் தொட்டி. ஃபயர் டேங்க் என்று பெயர், ஆனால் மேல்பாதித் தண்ணீர் சாயத்துக்கு. சாயப் பிரிவுக்குப் போகும் குழாயைத் தொட்டியின் நடுவில்தான் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அந்த மட்டத்துக்கு இறங்கினால் சாயத்துக்குத் தானாகவே நின்றுவிடும். கீழ்ப்பாதி தீக்கு மட்டும். வெளியே கண்ணாடிக் குழாயில் மட்டம் தெரியும். நடுவில் ஒரு சிவப்புக் கோடு. அடியில், தொட்டியைக் கழுவி விடுவதற்கென்று ஒரு வால்வு. அண்ணி மூடிப் பூட்டிய ஒரே வால்வு அதுதான்.

அந்தக் கோடையில் போர்வெல் வறண்டது. தண்ணீர் லாரியும் வரவில்லை. மட்டம் சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. சாயம் நின்றது. எங்கள் மேலாளருக்கு அர்ஜென்ட் சார் என்று நாங்கள் வைத்த பெயர். கழிப்பறைக்குப் போவதைக்கூட அர்ஜென்ட் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அவர் நேராக பம்ப் ஹவுஸுக்கு வந்து அடி வால்வைத் திறக்கச் சொன்னார். இரண்டே நாள், ஆர்டர் அர்ஜென்ட், கப்பல் போய்விடும் என்றார். அண்ணி முடியாது என்றார். அர்ஜென்ட் சார் ஒன்றும் தெரியாதவர் இல்லை. ஃபயர் டேங்க் எதற்கு, கீழ்ப்பாதி எதற்கு என்பதெல்லாம் அவருக்கு அண்ணியைவிட நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கேட்டார். எனக்கு அவர்மேல் இன்றைக்கும் ஆறாத கோபம் அதில்தான்.

அண்ணி மசியவில்லை என்றதும் தம்பியைப் பிடித்தார்கள். அன்று சாயங்காலம் என் கணவர் சாப்பிட உட்கார்ந்ததுமே பேச்சை எடுத்தார்.

"அக்கா, ரெண்டு நாள் விஷயம். சாயம் நின்னா எங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேங்கறார்."

"அனுப்பட்டும்."

"நீ சுலபமா சொல்லிட்டே. சோறு யார் போடுவா?"

"நான் போடறேன்."

"உன்னையும்தான் அனுப்புவார்."

"அப்ப எல்லாரும் பட்டினி கிடப்போம். கிடந்து பழக்கம்தானே நமக்கு."

என்னால் பொறுக்க முடியவில்லை. "உங்களுக்கென்ன அண்ணி, பிள்ளையா குட்டியா? எப்பவோ ஒரு தடவை எரிஞ்சது. அதையே பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கீங்க. தினமுமா எரியுது?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளை குட்டி என்றது தப்பு. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அவர் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "தினம் எரிஞ்சா உனக்கு நான் சொல்லவே வேண்டாமே" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மேல உக்காந்து தைக்கிறவ நீ" என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் காலை மெக்கானிக் கட்டரோடு தொட்டியடிக்குப் போயிருக்கிறான். அர்ஜென்ட் சாரும் கூட நின்றார். அண்ணி வால்வை மறைத்துக்கொண்டு நின்றாராம். "பூட்டக்கா, நகருங்க. என் பொழப்பைக் கெடுத்துடாதீங்க" என்று அவன் கெஞ்சியிருக்கிறான். அண்ணி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். "வெட்டு. அவங்க தண்ணி, எடுத்துக்கட்டும்" என்றார். எல்லோருக்கும் ஆச்சரியம். பூட்டு தெறித்தது, வால்வு திறந்தது, சாயப் பிரிவுக்கு ஹோஸ் போட்டாகிவிட்டது. அண்ணி கண்ணாடிக் குழாயின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மட்டம் சிவப்புக் கோட்டைவிட்டுக் கீழே இறங்குவதைப் பார்த்தார். பிறகு போய் மணியை அழுத்தினார்.

நீளமாக அடித்தால் எல்லோரும் இறங்க வேண்டிய மணி அது. மாடியில் நாங்கள் மெஷினை அப்படியே விட்டுவிட்டு இறங்கினோம். சிலர் அழுதுகொண்டே இறங்கினார்கள். வெளியே வந்து பார்த்தால் புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. படிக்கட்டின் கீழே அண்ணி நிற்கிறார். அர்ஜென்ட் சார் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"எங்கம்மா தீ?"

"தீ இல்லை சார்."

"அப்புறம் எதுக்கு மணி அடிச்சீங்க?"

"தண்ணியும் இல்லை. தண்ணி இல்லாத கட்டடத்துல ஆள் இருக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா? நீங்க தாராளமா சாயம் போடுங்க, நான் குறுக்கே வரலை. டேங்க் கோட்டுக்கு ஏறட்டும், இவங்களை நானே மேல அனுப்பறேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் மேல போங்க. இப்ப போகாதவங்க நாளைக்கு வர வேண்டாம்" என்றார். கூட்டம் அசைந்தது. முன்னால் இருந்த சிலர் படியில் கால் வைத்துவிட்டார்கள். அண்ணி கையை நீட்டி மறிக்கவில்லை.

"போறவங்க போங்க. யாரையும் நான் பிடிச்சு வெக்கலை. இன்னும் கொஞ்ச நேரத்துல மேல ஹோஸைத் திறந்தா காத்துதான் வரும். தெரிஞ்சுகிட்டுப் போங்க."

படியில் கால் வைத்தவர்கள் அப்படியே நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் வீட்டு ஆள் நான். நான் ஏறினால் மற்றவர்களும் ஏறிவிடுவார்கள். அண்ணியின் கதை அதோடு முடிந்தது. ஏறாவிட்டால் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் வேலை இல்லை. சாயப் பிரிவு வாசலில் என் கணவர் நீலக் கைகளோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு அண்ணிமேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. என்னை இப்படி நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாரே என்று. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் நான் ஏறத்தான் இருந்தேன்.

அதற்குள் அர்ஜென்ட் சார் என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க விவரமானவங்க. உங்க வீட்டு ஆளைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? கொஞ்சம் ஒரு மாதிரி. நீங்க முன்னால போங்கம்மா" என்றார்.

எங்கள் வீட்டு ஆளை நான் ஆயிரம் சொல்வேன். அவர் யார் சொல்வதற்கு?

"எனக்கும் அவங்களுக்கும் ஆகாது சார்" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நேத்துகூடச் சண்டை. ஆனா தண்ணி இல்லைன்னு அவங்க சொன்னா தண்ணி இல்லை. காத்து வந்த அன்னைக்கு நான் மேல இருந்தேன். நீங்க இல்லை." சொல்லிவிட்டு முற்றத்துத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்தாள், பின்னால் இன்னொருத்தி. படியில் நின்றவர்கள் இறங்கி வந்து இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கல்யாணப் பந்திபோல முற்றம் முழுக்க ஆட்கள்.

தைக்க ஆளில்லாமல் சாயம் போட்ட துணியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? என் கணவர் யாரையும் கேட்காமல் தொட்டியடிக்குப் போனார். திரும்பி வந்து அக்காவின் முன்னால் நின்று, "மூடிட்டேன்" என்றார்.

"முழுசா மூடினியா?" என்று கேட்டுவிட்டு அண்ணி தானே போய்த் திருகிப் பார்த்துவிட்டு வந்தார். பாராட்டு ஒன்றும் இல்லை. அதுவரை எங்கேயும் கிடைக்காத தண்ணீர் லாரிகள் சாயங்காலத்துக்குள் வரிசைகட்டி வந்தன. காசு கொடுத்தால் வருகிற லாரிதான் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மட்டம் கோட்டைத் தொட்டபோது வேலை நேரம் முடிந்துவிட்டதால் அண்ணி எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் காலை கேட்டில் அவரை நிறுத்திவிட்டார்கள். பம்ப் ஹவுஸுக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றான் காவலாளி. அண்ணி திரும்பிப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே சுவரோரம் நின்றுகொண்டார். நானும் என் கணவரும் உள்ளே போனோம். நான் நேராகப் பார்த்து நடந்தேன், திரும்பினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

படிக்கட்டின் கீழே தையல் கூடம் மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. புது ஆள் பம்ப் ஹவுஸ் வாசலில் நின்று எங்களையே பார்த்தான்.

"தண்ணி இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் இப்பத்தான் வந்தேன்."

யாரும் படியில் கால் வைக்கவில்லை. சூப்பர்வைசர்கள் கத்தினார்கள், கெஞ்சினார்கள். அர்ஜென்ட் சார் வந்து நேற்றுச் சொன்னதையே மறுபடி சொன்னார். இந்த முறை என்னிடம் வரவில்லை. வேலை தொடங்கும் மணி அடித்து ஓய்ந்தது. மேலே ஒரு மெஷின் ஓடவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு காவலாளியைப் பார்த்துக் கையை அசைத்தார்.

அண்ணி உள்ளே வந்தார். வேகமாக நடக்கவில்லை. அர்ஜென்ட் சாரைத் தாண்டி, எங்களைத் தாண்டி, நேராகத் தொட்டிக்குப் போனார். கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். அதை நம்பாமல் ஏணியில் ஏறி மூடியைத் தூக்கி உள்ளேயும் எட்டிப் பார்த்தார். அத்தனை பேரும் அண்ணாந்து நின்றோம். இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"இருக்கு" என்றார். "ஏறுங்க."