நாலு திருகாணிக் கதவு

லிடியா எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் வெளியே போகும் வழியைத்தான் பார்ப்பாள். கல்யாண வீட்டில் மணமக்களை வாழ்த்துவதற்கு முன், சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன், இரண்டாவது கதவு எங்கே, அதை மறித்து யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். வந்ததுமே கிளம்பப் பார்க்கிறவள் என்று தில்லி ஆர்.கே.புரத்தில் அவளுக்கு ஒரு பெயர். உண்மையில் எந்த விருந்திலும் கடைசியாகக் கிளம்புகிறவள் அவள்தான். சொட்டுகிற குழாயை இறுக்கி, எரிகிற விளக்கை அணைத்துவிட்டு வருவாள்.

இருபத்திரண்டு வயதில் நாசரேத்திலிருந்து தில்லிக்கு வந்தது நர்ஸ் வேலைக்கு. அக்காள் ரூபி ஏற்கெனவே நர்ஸ்; தங்கையும் அப்படியே ஆகிவிடுவாள் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். ரத்தத்தைக் கண்டால் தங்கை மயங்கி விழுவாள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கடைசியில் எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் வரவேற்பு மேசை கிடைத்தது. லிஃப்ட் நின்றாலும் கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டாலும் ஜனங்கள் வந்து கத்துகிற இடம் அந்த மேசைதான். கத்தலைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிடக் குழாயைச் சரிசெய்வது சுலபம் என்று லிடியா கண்டுகொண்டாள். பதினைந்து வருஷத்தில் எட்டு மாடியும் அவள் கைக்கு வந்து, பெசிலிட்டி மேனேஜர் என்று கதவில் பலகையும் மாட்டினார்கள். வேலை ஒழுங்காக நடந்தால் இப்படி ஓர் ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது; தெரிந்துவிட்டால் எங்கோ ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படிக் கட்டடங்களைப் பராமரிக்கிற மேலாளர்களுக்கும் தில்லியில் ஒரு சங்கம் உண்டு. கண்ணில் படாமலிருப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் மாதம் ஒரு முறை கூடி, ஒருவரையொருவர் மேடையேற்றிக் கேடயம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். கேலிக்கு இடமிருந்தாலும் லிடியா படித்ததெல்லாம் அங்கேதான். சங்கம் அழைத்துப்போகும் கட்டடப் பார்வைகளில் மற்றவர்கள் வாசலில் நின்று செல்ஃபி எடுக்க, அவள் அடித்தளத்தில் பம்பு அறையில் நின்று குறிப்பெடுப்பாள். அப்படி ஆறு நோட்டுகள் நிறைந்திருந்தன. ஒன்றுதான் அவளுக்கு அங்கே புரியவில்லை. மேடையில் பேசிய எவருடைய கட்டடத்திலும் எந்தத் தவறும் நடந்ததே இல்லை.

இந்த வருஷம் கட்டடம் கைமாறியது. மார்ச் முடிவதற்குள் சங்கத்தின் முழு உறுப்பினராகாத மேலாளரை வைத்துக்கொள்வதில்லை என்று புது முதலாளிகள் எழுத்தில் சொல்லிவிட்டார்கள். முழு உறுப்பினராக நான்கு கட்டடப் பார்வை, ஒரு கட்டுரை, ஓர் இருபது நிமிடப் பேச்சு வேண்டும். பேச்சு மட்டும்தான் பாக்கி. அவளுக்குக் கிடைத்தது ஜனவரிக் கூட்டம். அதை விட்டால் அடுத்த இடம் ஜூனில்.

எதைப் பற்றிப் பேசுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் நான்காம் மாடியின் அவசரக் கதவைப் பூட்டச் சொன்னது அவள்தான். பையன்கள் படிக்கட்டில் போய் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று. ஒரு மதியம் மின்கசிவில் அந்த மாடி முழுக்கப் புகை. பதினோரு பேர் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆறு நிமிடம் நின்றார்கள். சாவி அவள் கைப்பையில் இருந்தது. கைப்பையோடு அவள் தெருமுனைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஓடி வந்து திறந்தாள்; யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 'கதவு உரிய நேரத்தில் திறக்கப்பட்டது' என்று அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கைக்காகச் சங்கத்தில் அவளுக்கு ஒரு கேடயமும் கிடைத்தது.

கணவன் பிராங்ளின், மத்திய அரசு குமாஸ்தா, கோப்பில் இல்லாதது நடக்கவே இல்லை என்ற கொள்கையில் வளர்ந்தவன். "யாருக்குமே தெரியாத விஷயத்தைப் போயி எதுக்கு மைக்குல சொல்லுதே?" என்றான்.

"எனக்குத் தெரியும்லா" என்றாள் லிடியா.

வழக்கமான அரங்கம் பராமரிப்புப் பணிக்காக மூடியிருந்ததால் கூட்டத்தை கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய மண்டபத்துக்கு மாற்றியிருந்தார்கள். பராமரிப்பாளர் சங்கத்தில் யாரும் இதற்குச் சிரிக்கவில்லை. மூடுபனியில் பேருந்து ஊர்ந்ததில் லிடியா வந்து சேர்ந்ததும் நேராக மேடைக்குத்தான் போக முடிந்தது. மைக்கைப் பிடித்த பிறகே அவள் கண் தன் சுற்றை முடித்தது. நாற்பது பேர், நுழைந்த கதவு ஒன்று, மேடைக்கு இடப்புறம் இன்னொன்று, அதில் ஒரு பெரிய பூட்டு.

அந்தக் கதவைத் திறந்தால்தான் பேச்சைத் தொடங்க முடியும் என்றாள்.

மண்டபத்துக் காவல்காரர் வந்தார். சாவி மண்டபப் பொறுப்பாளர் சர்மாஜியிடம், சர்மாஜி காஜியாபாத்தில் ஒரு கல்யாணத்தில். அழையாதவர்கள் அந்த வழியாகச் சாப்பிட வந்துவிடுவதால் பூட்டியே வைத்திருக்கிறோம் என்றும் விளக்கினார். லிடியாவுக்கு அந்த நியாயம் புரிந்தது. அவளுக்குப் புரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

சங்கச் செயலாளர் ராமசுப்ரமணியன் ஓய்வுபெற்ற இன்ஜினீயர், விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். முன்வரிசையிலிருந்து எழுந்து மேடையோரம் வந்தார். "மேடம், உங்க நேரம் ஓடிண்டிருக்கு. பேசிட்டு இறங்கிடுங்கோ. கதவு எங்கே ஓடிடப் போறது?"

"கதவு ஓடாது சார். ஓட வேண்டி வந்தா நாமதான் ஓடணும்."

நாற்பது பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லோருமாகச் சேர்ந்து தில்லியில் ஒரு நகராட்சி அளவுக்குக் கட்டடங்களைக் கட்டி மேய்க்கிறவர்கள். ஒருவர் கையிலும் ஒரு கருவி இல்லை. தத்தம் டெக்னீஷியனுக்கு போன் போட்டார்கள். லிடியா கீழே இறங்கி, கதவருகில் போய்க் கைப்பையைத் திறந்தாள். அந்தப் பழைய மதியத்துக்குப் பிறகு அதில் எந்தச் சாவியையும் அவள் வைத்துக்கொள்வதில்லை. ஒரு திருப்புளி வைத்திருக்கிறாள்.

பூட்டு உயர்ந்த ரகம். ஆனால் அதைத் தாங்கிய நாதாங்கி வெளித்தெரிய நாலு திருகாணியில் நின்றது. மூன்று திருகாணிகள் மறுபேச்சில்லாமல் வந்தன. நாலாவதில் துரு. யாரோ ஒருவர் சமையல்காரரிடம் ஓடி ஒரு கரண்டி கடுகெண்ணெய் வாங்கி வந்தார். இன்னொருவர் கைபேசி விளக்கைப் பிடித்தார். காவல்காரர், சர்மாஜி தன்னைத் தொலைத்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். பொறுப்பு முழுக்க என்னுடையது அண்ணா என்று லிடியா இந்தியில் சொல்லிவிட்டு, உள்ளங்கை சிவக்கத் திருப்பினாள். நாதாங்கி கழன்றது. கதவைத் தள்ளினால் ஒரு சாண் திறந்து நின்றது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளும் இரண்டு கேஸ் சிலிண்டர்களும் அடுக்கியிருந்தன. நாலு பேர் சுற்றிப் போய் அவற்றை நகர்த்தினார்கள்.

தில்லி ஜனவரி முழுவதுமாக உள்ளே வந்தது. சங்கம் மப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டது.

லிடியா மேடைக்குத் திரும்பினாள். இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. "ஏழு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு கதவை நான்தான் பூட்டச் சொன்னேன்" என்று தொடங்கி, பதினோரு பேரையும் ஆறு நிமிடத்தையும் கைப்பையையும் டீயையும் சொல்லி, கேடயம் வாங்கியதையும் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. மணி அடித்தது. அதன் பிறகு பின்வரிசையில் ஒருவர் எழுந்து, என் கட்டடத்திலும் ஒரு தடவை ஜெனரேட்டர் அறையில், என்று மெதுவாக ஆரம்பித்தார்.

டீ நேரத்தில் ராமசுப்ரமணியன் பதிவேட்டோடு வந்தார். "ஆறு இருபதுக்கு மைக்கைப் பிடிச்சேள். ஆறு நாற்பதுக்கு முடிச்சேள். இருபது நிமிஷம். சரியா இருக்கு."

வேண்டியிருந்தது அதுதான். பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

"பேசினது ரெண்டு நிமிஷம்தான் சார். உரிய நேரத்துலன்னு எனக்கு ஒரு தடவை எழுதிக் குடுத்தாங்க. அது போதும்."

ராமசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேச்சு ரெண்டு நிமிஷம், செய்முறை விளக்கம் பதினெட்டு நிமிஷம்னு எழுதறேன். நாற்பது பேர் பார்த்தா. செய்முறைக்கும் விதியிலே இடம் இருக்கு. முப்பது வருஷமா யாரும் செஞ்சதில்லை, அவ்வளவுதான்." அவள் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாள்.

மார்ச்சுக்கு முன்பே முழு உறுப்பினர் சான்றிதழ் வந்தது. பிராங்ளின் அதைக் கோப்பில் வைத்தான். மண்டபத்திலிருந்தும் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது, கதவைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு.

வழக்கமான அரங்கத்தின் பராமரிப்பு முடியாததால் அடுத்த கூட்டமும் அதே மண்டபத்தில். லிடியாவுக்கு அன்று பேச்சு எதுவும் இல்லை. அரை மணி முன்னதாகவே போனாள். கதவில் புதுப் பூட்டு, புது நாதாங்கி. இந்த முறை ஆறு திருகாணி.

காவல்காரர் அவளைப் பார்த்தார். போய் ஸ்டூலை எடுத்து வந்தார். லிடியா கைப்பையைத் திறந்தாள்.