இனுபுஷியின் பதினாறாவது பிழை

இனுபுஷியை நான் முதலில் பார்த்தபோது அவர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பேஸ்பால் அணியில் ஆட்டக்காரர்களே புல் வெட்டுவார்கள், டிக்கெட்டும் கிழிப்பார்கள். நான் அன்றுதான் அணி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு போடும் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். புள்ளியியல். கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன்.

"பட்டதாரியா? அப்போ நேராப் போடுவே. இந்தா," என்று கோடு போடும் வண்டியை என் பக்கம் தள்ளினார். நான் போட்டது ஓடை மாதிரி வளைந்து போயிற்று.

"பரவால்ல விடு. எதிர் டீமுக்குத் தலை சுத்தட்டும்."

அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. காலையில் பக்கத்து ஊரான நருதோவில் தாமரைக் கிழங்கு தோண்டும் வேலை, மதியம் பயிற்சி. நகக்கண்ணில் சேறு போனதே இல்லை. எங்கள் 'அவா கொக்குகள்' அணியில் பாதிப் பேர் அப்படித்தான்: பெட்ரோல் பங்க், டோஃபு கடை, வயல். பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வராதா என்று எல்லோரும் ஏங்குவார்கள். இனுபுஷிக்கு அந்த ஏக்கமும் தீர்ந்துவிட்டது. ஒப்பந்தம் வருஷத்துக்கு வருஷம்தான். இன்னும் ஒரு வருஷம் மைதானத்தில் நிற்கக் கிடைத்தால் போதும் என்பார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பயிற்சியாளர் கமதா என்னைக் கூப்பிட்டார். "இந்த வருஷம் பதினஞ்சு பிழை வரைக்கும் பொறுத்துக்குவேன். பதினாறு ஆச்சுன்னா அடுத்த வருஷம் இனுபுஷி கிடையாது. அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

எது பிழை என்று தீர்ப்பவனும் நானே. சொந்த மைதானத்து ஆட்டங்களுக்கு நான்தான் ஸ்கோரர். தரையில் வரும் பந்து கையை மீறிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராலும் பிடிக்க முடியாத பந்தென்றால் அடித்தவனுக்கு ஹிட், பச்சை விளக்கு. பிடித்திருக்க வேண்டியதென்றால் பிழை, சிவப்பு விளக்கு. இரண்டு பொத்தானும் என் மேஜையில்.

அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில். இனுபுஷி பதினைந்தில் நின்றார். பந்து வீசியவன் ஹயாசே, இருபத்தொரு வயது. வலைக்குப் பின்னால் அவனைப் பார்க்க வந்த பெரிய அணிகளின் ஆட்கள் மூன்று பேர். அவர்கள் மடியில் நான் எழுதிய அறிக்கை, கீழே என் பெயர். ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு ஓட்டம்கூடக் கொடுக்காதவன் என்பது அதன் முதல் வரி.

ஏழாவது இன்னிங்ஸில் ஒரு பந்து, வழக்கம்போல் பந்து அதிகம் வரும் உள்வட்டத்தில் நின்ற இனுபுஷியின் முன்னால் திடீரென்று துள்ளி, மணிக்கட்டில் பட்டு ஓடியது. எதிரணிக்கு ஓர் ஓட்டம். ஹிட் என்றால் அது ஹயாசேயின் தலையில் விழும், சராசரி இரண்டைத் தாண்டும், என் முதல் வரி பொய்யாகும். பிழை என்றால் இனுபுஷியின் தலையில்.

சிவப்பை அழுத்தினேன்.

இனுபுஷி ஸ்கோர் பலகையில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு ஹயாசே பக்கம் திரும்பி, தொப்பியைத் தொட்டு, என் தப்பு என்பதுபோல் கையை உயர்த்தினார்.

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வாசலில் வரிசையாக நின்று ரசிகர்களை வழியனுப்புவது வழக்கம். இனுபுஷி வேலை செய்யும் வயலின் சொந்தக்காரர் மிகி அவர் எதிரில் வந்து நின்றார். "எந்தக் குருட்டுப் பய அதுக்குச் சிவப்பு போட்டான்?"

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

"என் கையில பட்டுச்சுல்ல முதலாளி, விடுங்க," என்றார் இனுபுஷி.

தீர்ப்பை மாற்ற ஸ்கோரருக்கு அடுத்த நாள் மதியம் வரை அவகாசம் உண்டு. மறுநாள் காலை வீடியோவை ஒன்பது முறை ஓட்டிப் பார்த்தேன். புல்லும் மண்ணும் சேரும் விளிம்பில் பட்டுப் பந்து துள்ளியிருந்தது. யார் நின்றிருந்தாலும் பிடித்திருக்க முடியாது.

அந்த நேரம் பார்த்து அவரே உள்ளே வந்தார். சேறு கழுவாத நான்கு கிழங்குகளைச் செய்தித்தாளில் சுற்றி என் மேஜையில் வைத்தார்.

"வறுத்துச் சாப்பிடு. ஆமா, வீடியோ பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"எனக்கென்னமோ புல்லு ஓரத்துல பட்டுத் துள்ளின மாதிரி இருந்துச்சு."

"இல்லண்ணே. நேராத்தான் வந்துச்சு."

செய்தித்தாளை இழுத்துக் கிழங்குகளைச் சரியாக மூடினார். "அப்போ என் கண்ணுதான் போயிருச்சுபோல. நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த வார்த்தையைக் கேட்கத்தான் பட்டத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அன்று என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மதியம் வரைக்கும் அவகாசம் இருந்தது. நான் மாற்றவில்லை.

அக்டோபரில் ஒரு பெரிய அணி ஹயாசேயை எடுத்துக்கொண்டது. பத்திரிகைப் படத்தில் நானும் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அறிக்கையைப் பற்றி அந்த அணி ஆளிடம் கேட்டேன். "அதையெல்லாம் யார் படிச்சா? பையனோட வேகத்தப் பாத்தோம், எடுத்தோம்," என்றார். அதே மாதம் இனுபுஷி தன் அலமாரியைக் காலி செய்தார்.

இப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. மிகியின் வயலில் முழுநேர வேலை. கண் டாக்டரிடம் போய்க் காட்டினார். குறை ஒன்றுமில்லை என்றார்களாம். டாக்டருக்கு பேஸ்பால் தெரியாது என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்காரர்களோடு விளையாடுகிறார். பழைய இடத்தில் நிற்கச் சொன்னால் மறுத்துவிட்டு, பந்து அதிகம் வராத வலது மூலையில் போய் நிற்கிறார்.