கண்ணாடிக்குள் போன பனியன்

விழுப்புரத்தில் மேட்ச் முடித்துவிட்டுத் திண்டிவனம் திரும்பும்போது, கூட்டேரிப்பட்டு தாண்டி எங்கள் கோல்கீப்பரின் பைக்கை ஒரு லாரி அடித்துவிட்டது. அங்கேயே போய்விட்டான். மறுநாள் ஊரே துக்கத்தில் மூழ்கியது என்று எழுத ஆசைதான். ஆனால் கூட்டம் என்னவோ பிளெக்ஸ் கடையில்தான் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணீர் அஞ்சலி. அவன் படம் மூலையில், பாஸ்போர்ட் சைசில். கீழே நம்மவர்கள்: கூலிங் கிளாஸ், காதில் போன், கும்பிட்ட கை. பந்தைக் காலால் தொட்டே அறியாத கிளப் தலைவர் நடுவில் ஆளுயரத்துக்கு நின்றார். இதில் செத்தது யாருங்க என்று ஒரு கண்டக்டர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

எங்கள் டீமில் பனியன் யாருக்கும் சொந்தமில்லை. ஆடி முடித்ததும் கழற்றி ஒரே மூட்டையில் போட்டுவிட்டுச் சொந்தச் சட்டையில் வீட்டுக்குப் போவோம். அன்றும் அவன் அப்படித்தான் கிளம்பினான். மூட்டை எங்களோடு வேனில் வந்தது. பிளெக்ஸ் அவசரத்தில் அதை யாரும் சலவைக்குப் போடவில்லை. கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பறிக்கக் கூலிக்குப் போகிற அவன் அம்மா, பால் தெளித்த அன்று தலைவரிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

"அவன் கடைசியா போட்டுக்கினு ஆடுன பனியன் உங்ககிட்டதான் இருக்குது. அத அப்படியே குடுத்துடுங்கப்பா."

அப்படியே கொடுத்தால் கிளப்புக்கு என்ன மரியாதை என்று கமிட்டி கூடியது. செல்போனில் வெளிநாட்டு கிளப்புகளைப் பார்த்து அழக் கற்றுக்கொண்ட கூட்டம். அவன் பனியனின் ஒன்றாம் எண்ணை இனி யாரும் போடக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தம்மா கேட்டபடியே கொடுத்துவிடலாமே என்றேன். எனக்கு ஃபீலிங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த மாதம் நினைவுக் கோப்பை. சிறப்பு விருந்தினர் வரும்வரை அம்மாவை வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு நிமிட மௌனம் அனுசரித்தோம். போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு முறையும் அனுசரித்தோம். வெட்கங்கெட்ட ஜென்மங்கள், அதில் நானும் ஒருவன்.

பிறகு தங்க நிறச் சட்டம் போட்ட கண்ணாடிக்குள் பனியனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. அடியில் தலைவரின் பெயர். அம்மா கண்ணாடியை முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார். பிறகு சட்டத்தைத் திருப்பி, பின்பக்க அட்டையின் இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தார். முத்தம் கொடுக்கிறார் என்று நினைத்து மைதானமே கைதட்டியது.

அம்மா தலைவரை நிமிர்ந்து பார்த்தார். "தொவச்சிட்டீங்களா?"

தலைவருக்கு முகமெல்லாம் பெருமை. "விழுப்புரத்துல டிரை வாஷே குடுத்து வாங்கியாந்தோம்மா. ஒரு கறை இல்ல, பாருங்க."

அம்மா பார்க்கவில்லை. சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.