குச்சி அத்தையின் மூக்கு

என் தங்கைக்கு மகன் ஒன்று, மகள் ஒன்று. மகன் அச்சகத்தில் வேலை பார்க்கிறான், குடும்பஸ்தன். மகள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணப் பேச்சு எடுத்தால் பல் விளக்கப் போய்விடுவாள், சாயங்காலமாக இருந்தாலும் சரி. அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் அவள் குடியிருப்பு.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குச்சி அத்தை என்று பெயர். காய்ச்சல், இருமல் என்று வருகிற பிள்ளைகளுக்கு என்ன வைரஸ் என்று கண்டுபிடிக்க, நீளமான மெல்லிய குச்சியை மூக்கு வழியே தொண்டைப் பக்கம் வரைக்கும் விட்டு, ஒரு சுழற்று சுழற்றி எடுப்பாள். கை நல்ல கைதான். ஆனாலும் குச்சி குச்சிதானே. நடைக்கூடத்தில் இவள் தலை தெரிந்தால் போதும், பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மா முதுகுக்குப் பின்னால் போய்விடும். இவளும் சிரித்துவிட்டுப் போவாள். எங்கள் பிறந்த வீட்டுக்காரர்களுக்குத் தோல் கனம், என் அப்பா வழி அது.

அந்தத் தோலையும் ஒருத்தி கிழித்தாள். அண்ணன் மகள்தான், ஐந்து வயது. வேலை ஏவுகிற தோரணையைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் சீமாட்டி. பால்குடி மறந்த நாளிலிருந்து அவளுக்கு அத்தையோடுதான் தூக்கம். சாப்பிட்டதும் தன் தலையணையைத் தானே இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள்.

ஒரு மழைக்காலத்தில் சீமாட்டிக்குக் காய்ச்சல் வந்தது. வேறு யாரோ குச்சி விடுவதைவிட நாமே விடலாம் என்று அத்தையே முன்வந்தாள். "வலிக்கவே வலிக்காதுடா தங்கம், எறும்பு நடக்கிற மாதிரி இருக்கும்" என்று சொல்லித்தான் விட்டாள். காய்ச்சல் போய்விட்டது. தலையணையும் கீழே இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் அத்தையோடு பேச்சு இல்லை. கலர் பென்சில் வாங்கி வந்தால், "அம்மா, நல்லா இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லிடு" என்பாள், அத்தை எதிரிலேயே நிற்கும்போது. குச்சி அத்தை சிரிப்பாள், ஆனால் அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிடும். "பெரியம்மா, அவ மறுபடி மேல வருவாளா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறாள்.

இப்படி இருக்கையில் ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை நோகடிக்காமல் வைரஸைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க இரண்டு வழிகள். ஒன்று, பஞ்சு முனைக் குச்சியை மூக்கு வாசலில் மட்டும் சுற்றி எடுப்பது. இன்னொன்று, ஒரு பஞ்சை மிட்டாய் மாதிரிச் சப்பச் சொல்லி எச்சிலை எடுப்பது. அதோடு பழைய ஆழக் குச்சியும் உண்டு.

"பழசும் ஒண்ணு வேணுமே. எதோட ஒப்பிட்டுப் பார்க்கிறது?" என்றார் டாக்டரம்மா. "ஒரே பிள்ளைகிட்ட மூணும் எடுக்கணும், பழசு கடைசில. அம்மா அப்பா சரின்னாலும் பிள்ளை வேணாம்னா விட்டுடணும்."

குச்சி அத்தைக்கு இதில் சொந்த ஆசை ஒன்று சேர்ந்துகொண்டது. புது வழி ஜெயித்தால் பழைய குச்சி ஒழியும். குச்சி ஒழிந்தால் தலையணை மேலே வரும்.

சீமாட்டிக்கு மறுபடி சளி பிடித்தது. அம்மாக்காரி அவளை அழைத்துப் போனாள், துணைக்கு நானும் போனேன். அறைக்குள் அத்தையைப் பார்த்ததும் சீமாட்டி இரண்டு கையாலும் மூக்கை மூடிக்கொண்டாள்.

"முதல்ல அவங்களுக்கு விடுங்க" என்றாள் டாக்டரம்மாவிடம், விரலுக்கு உள்ளிருந்து.

"எனக்குத்தான் சளியே இல்லையே டாக்டர்" என்றாள் குச்சி அத்தை அவசரமாக.

"சளி இல்லன்னா என்ன, மூக்கு இருக்குல்ல?"

டாக்டரம்மா ஆழக் குச்சியின் உறையைப் பிரித்தார். அத்தனை மூக்குகளைப் பார்த்த அத்தை, குச்சி பக்கத்தில் வர வர நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். அடியில் உருளை வைத்த நாற்காலி வேறு. சுவரில் முட்டித்தான் நின்றது.

"என்ன நாத்தனாரே, எறும்புதானே" என்றாள் சீமாட்டியின் அம்மா.

சீமாட்டி கையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து போய், அத்தையின் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். "ஆடாம இரு. மேல லைட்டைப் பாரு. சமத்துல்ல." எல்லாம் அத்தை சொல்கிற வார்த்தைகள்தான்.

குச்சி போய் வந்தது. அத்தைக்குக் கண்ணில் தண்ணீர், அடுக்கடுக்காகத் தும்மல்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"எறும்பா?"

அத்தை மூக்கைத் துடைத்தாள். "எறும்பு இல்லடி. பெருச்சாளி."

"அப்ப ஏன் எறும்புன்னு சொன்ன?"

"நீ அழுவியேன்னு."

"வலிச்சா அழுதுட்டு விட்டிருப்பேன்ல" என்றாள் சீமாட்டி, பெரிய மனுஷி மாதிரி. பேச்சு விட்டதன் காரணம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு ஏறி உட்கார்ந்து, பஞ்சைச் சப்பிக் கொடுத்தாள். மூக்கு வாசலில் சுற்றியபோது கூச்சத்தில் சிரித்தாள். மூன்றாவதற்கு மட்டும், "பெருச்சாளி வேணாம்" என்றாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒப்பிட்டுப் பார்க்கப் பழசு இல்லாததால் அவளுடையது சோதனையில் சேரவில்லை.

அன்றிலிருந்து குச்சி அத்தை ஒவ்வொரு பிள்ளையிடமும் உள்ளதைச் சொன்னாள். "முதல் ரெண்டும் எறும்பு. கடைசி பெருச்சாளி. வேணாம்னா சொல்லிடு." சில அம்மாக்கள் முறைத்தார்கள். பிள்ளைகளோ, வேண்டாம் என்றவர்கள் போக, நிறையப் பேர் உட்கார்ந்தார்கள். பெருச்சாளியைப் பார்த்துவிடலாம் என்றே உட்கார்ந்தவர்களும் உண்டு.

முடிவும் வந்தது. ஆழக் குச்சி பிடித்த வைரஸ்களில் அநேகமாக எல்லாவற்றையும் மூக்கு வாசல் பஞ்சும் பிடித்திருந்தது. சப்புகிற பஞ்சு இன்னும் கொஞ்சம் கோட்டை விட்டிருந்தது. இனிமேல் பிள்ளைகளுக்கு மூக்கு வாசலோடு சரி, வேறு வழியே இல்லாதபோது மட்டும் ஆழக் குச்சி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஆனால் தலையணை அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. பெருச்சாளி வந்த அன்றைக்கே, சாப்பிட்டுக் கை கழுவியதும், தட் தட்டென்று மாடிப்படி ஏறியது. நான் கீழே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு எனக்குச் சளி" என்று மேலே சீமாட்டி சொல்வது கேட்டது. "உன் மேலதான் துடைப்பேன். முன்னாடியே சொல்லிட்டேன்."