ஆட்டுக்குட்டி திரும்பி வந்த கதை

அன்று கொச்சி மட்டாஞ்சேரி சினிமாக் கொட்டகையில் நான், என் மனைவி செல்லம்மா, ஒன்பது வயது மகள் வள்ளி, அடுத்த வீட்டுச் சுப்பையா அண்ணன் என்று நாலு பேர் இருந்தோம். வள்ளிக்கு உயிரான ஆட்டுக்குட்டிப் புத்தகம் சினிமாவாக வந்திருந்தது. பள்ளியில் அவள் படித்தது மலையாளம். அதனால் அந்தத் தமிழ்ப் புத்தகத்தை நான்தான் தினமும் வாசித்துக் காட்டுவேன்.

சினிமாவில் குட்டியைச் சந்தையில் விற்றார்கள். அது வீடு திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் வள்ளி அழுதாள். "இதை எடுத்தவங்க புத்தகம் வாசிச்சதே இல்லப்பா. குட்டி தோணி ஏறித் திரும்பி வருமில்ல?"

"ஆட்டுக்கும் பவுடர் பூசி வச்சிருக்கான்" என்றார் சுப்பையா அண்ணன். "ஆனா கதை அதேதான் மோளே. புத்தகத்துலயும் குட்டி திரும்பாது."

வள்ளி என்னைப் பார்த்தாள். அண்ணன் மறந்துவிட்டார் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "குட்டி தோணி ஏறுற இடத்தை விரல் வச்சுக் காட்டுங்கப்பா."

நான் சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். எனக்கு எழுத்து தெரியாது, சித்திரங்களைப் பார்த்து நானே சொன்ன கதை அது என்றேன்.

"அப்ப சுப்பையா மாமனையும் பொய்யனாக்கினீங்க" என்றாள்.

பிறகு இதை எழுதும் அளவுக்குப் படித்துக்கொண்டேன். அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டவா என்று வள்ளியிடம் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

அன்று அவள் அழுகையை நிறுத்தி, சித்திரம் இல்லாத பக்கங்களை எண்ணினாள். முப்பத்தொன்று.