மேலிருந்து வைக்கும் நெருப்பு

லா சப்பல் மெற்றோ வாசலில் சோளம் சுட்டு விற்பவரைப் பார்த்திருப்பீர்கள். சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியின் மேல் தகரத்தை வைத்து, தகரத்தில் கரியைக் கொட்டி, போகிற வருகிற எல்லோருடைய முகத்திலும் புகை அடிக்க நிற்பார். பொலிஸ் வந்தால் வண்டியோடு ஓடுவார். கரிப் புகை எனக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் போன வியாழக்கிழமை அவரிடம் கரி முடிந்துவிட்டது போலிருக்கிறது. நகரசபைக்காரர் தறித்துப் போட்ட மரக்கிளைகளை முறித்து வைத்து எரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பச்சைக் குச்சி மணம் வந்ததும், முருங்கைக்காய்ப் பையோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். வேலை முடிந்து வந்த களை வேறு. பின்னால் வந்த ஒரு பெண் தன் குழந்தைவண்டியை என் குதிக்காலில் ஏற்றிய பிறகுதான் விலகினேன்.

நான் ஒரு காலத்தில் நெருப்பு வைக்கிற வேலை பார்த்தவன் என்றால் வீட்டில் நம்புகிறார்கள் இல்லை. தீயணைக்கிற வேலையா என்று மகள் பிரெஞ்சில் திருத்துவாள். இல்லையம்மா, நேர்மாறு என்பேன். அவள் திரும்பவும் போனுக்குள் போய்விடுவாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அணைக்க மறந்து மனைவியிடம் வாங்கிக்கட்டுகிற ஒருவன் இதைச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

வன்னியில் சண்டை எல்லாம் முடிந்து, நான் இங்கே வந்து சேர்ந்தபோது மார்க்ஸ் டோர்மோயில் ஒரு அறையில் ஏழு பேர் இருந்தோம். இரண்டு வருடம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். நல்லகாலம், அந்தக் குசினியில் தமிழர் ஒருவரும் இல்லை, அதனால் பிரெஞ்சு தானாக ஒட்டிக்கொண்டது. அறையில் என் பக்கத்து மெத்தைக்காரன் சிவநேசன். அவனும் வன்னிதான், ஒட்டுசுட்டான் பக்கம். அவன் வேலை செய்ததோ ஒபர்வில்லியேயில், தமிழரின் பொதி ஏற்றும் இடத்தில். அவனுக்கு வந்த பிரெஞ்சு இரண்டு சொல், நன்றிக்கு மெர்சியும் மன்னிப்புக்குப் பார்தோனும். அந்த இரண்டையும் எங்கே எதைச் சொல்வதென்று கடைசிவரை குழம்பினான்.

தெற்கே பிரெனே மலையில் குளிர்காலத்துக்கு ஆள் தேவை, சாப்பாடும் படுக்கையும் உண்டு என்று கடைக்காரர் ஒருவர்தான் சொன்னார். என்ன வேலை என்று அவருக்கும் தெரியாது. போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அந்த மலைச்சரிவுகள் ஆட்டுக்காரர் தலைமுறை தலைமுறையாக மாரியில் கொளுத்தி, புல் வளர்த்து மேய்த்த நிலம். ஊர் மனிதர் பட்டணத்துக்குப் போய், கொளுத்துவது நின்று, இடுப்பளவு முள்ளும் காட்டுப்பன்னச் செடியும் மூடிவிட்டன. அதைத் துண்டு துண்டாக எரித்து மீட்பதுதான் எங்கள் வேலை. எரித்து மீட்பதா என்று நானும் சிவநேசனும் ஆளையாள் பார்த்தோம். எரிந்த மண்ணிலிருந்து வந்தவர்களுக்கு இந்த உலகத்தில் வேறு வேலை வைக்கவில்லையா கடவுள் என்று எனக்கு அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனால் அந்த நெருப்பு வேறு. அதை மேலிருந்துதான் வைக்க வேண்டும், பனி கிடக்கிற உச்சிக்குக் கீழே, காற்றுக்கு எதிராக. அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். முள்ளின் தலையை மட்டும் தின்றுவிட்டு மண்ணைச் சும்மா விட்டுவிடும். எரிந்து முடிந்ததும் எங்கள் குழுத் தலைவர், செஃப் என்றுதான் கூப்பிடுவோம், குந்திச் சாம்பலை விலக்கி உள்ளங்கையை மண்ணில் வைத்துப் பார்ப்பார். மண் குளிர்ந்திருந்தால் தலையை ஆட்டுவார். அவருடைய பாராட்டு அவ்வளவுதான். அறுபது வயதுக்குக் கிட்டே, பேச்சுக் குறைந்த மனிதர்.

நெருப்பு வைக்க முன்னம் எல்லோரும் வரிசையாக நின்று தடியால் பற்றையைத் தட்டிக்கொண்டு போவோம், முயல் பாம்பு ஏதும் இருந்தால் ஓடட்டும் என்று. சிவநேசன் தட்டுவதோடு விடமாட்டான். "எழும்புங்கோ பிள்ளையள், எழும்பிப் போங்கோ, நெருப்பு வருகுது" என்று பற்றைக்குள் குனிந்து சொல்லுவான். அவன் என்ன சொல்கிறான் என்று கூட வேலை செய்த மலைக்காரப் பெடியள் கேட்பார்கள். நான் ஒருநாள் அவன் பாட்டுப் பாடுகிறான் என்பேன், இன்னொரு நாள் உங்களுக்குத் தேத்தண்ணி போடத் தெரியாது என்கிறான் என்பேன். அவர்கள் சிரிக்க, ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவனும் சேர்ந்து சிரிப்பான். இரண்டு பக்கத்துக்கும் நான்தான் வாய். அந்த வாய்க்குக் கொழுப்பு ஏறியதை நான் கவனிக்கவில்லை.

எனக்குப் பத்து வருட வதிவிட அட்டை, கார்த், கிடைத்துவிட்டது. சிவநேசனுக்கு ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிற கார்த். மனைவி வவுனியாவில் இருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் நிரந்தர வேலை ஒப்பந்தத்தை, கொந்திறாவை, பொபினி பிரிபெக்தூர் அலுவலகத்தில் காட்ட வேண்டும். எங்கள் இருவரையும் மாசி முடிய நிரந்தரமாக எடுப்பதாகச் செஃப் சொல்லியிருந்தார். அந்தச் செய்தியை உண்மையாகத்தான் மொழிபெயர்த்தேன். அன்று அவன் வவுனியாவுக்குப் போன் எடுத்துக் கதைத்த சத்தம் பக்கத்துப் பண்ணைக்கே கேட்டிருக்கும்.

மாசி நடுவில் ஒருநாள், ஆறாவது நாளாகத் தொடர்ந்து வேலை. குளிரில் விரல் மடங்கவில்லை. எரிகிற எண்ணெய் சொட்டும் கொளுத்திக் குடத்தை நாங்கள் இருவரும் மாறி மாறித்தான் பிடிப்போம், அப்போது அது என் கையில் இருந்தது. சிவநேசன் நெருப்பை அடித்து அணைக்கிற மட்டையோடு பக்கவாட்டில் மேலே ஏறியிருந்தான். நான் பற்றை தட்டி முடித்துச் சரிவின் அடியில் நின்றேன். முதுகில் காற்று அடித்தது. முன்னால் காய்ந்த பற்றை. ஊரில் சேனைப் பயிர் வைக்கக் காடு வெட்டி, காயவிட்டு, காற்றை முதுகுக்கு வைத்துக் கீழேயிருந்துதான் நெருப்பு வைப்போம். ஒரேயடியாக வேரோடு எரிந்தால்தான் சேனை. அன்று என் கை அதைத்தான் செய்தது. மூளைக்குத் தெரியவரும்போது குடம் பத்தடி தூரத்துக்குச் சொட்டியிருந்தது.

நெருப்பு இரைந்துகொண்டு மேலே ஏறிய வேகத்தை என்னால் எழுத முடியவில்லை. சிவநேசன் பாறைக்குப் பின்னால் பாய்ந்து தப்பினான். ஒருவருக்கும் காயமில்லை. ஒரு ஆட்டுப்பட்டியும் அதன் வைக்கோல் கொட்டிலும் போயின. செஃப் சாம்பலில் குந்தி மண்ணில் கைவைத்தார். சட்டென்று கையை எடுத்தார்.

கீழே வந்து எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை. நான் சொல்வது உனக்கு விளங்கும், நீ இப்படிச் செய்திருக்கமாட்டாய், இவன்தான் கீழே வைத்தானா, கேட்டுச் சொல் என்றார் என்னிடம்.

நான் சிவநேசன் பக்கம் திரும்பினேன். முகமெல்லாம் கரி, கண்ணால் நீர் வழிந்தது.

"நல்லாக் களைச்சுப் போனியோ எண்டு கேக்கிறார்" என்றேன்.

"ஓம், மச்சான்" என்று தலையைக் குனிந்து ஆட்டினான்.

செஃப் அந்தத் தலையாட்டலைப் பார்த்தார். தெரியாமல் வைத்துவிட்டானாம் என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். அவர் திரும்பி வாகனத்துக்குப் போனார்.

இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டு பல வருடம் காலம் ஓட்டினேன். திட்டமிடாமல் அவ்வளவு ஒழுங்காக ஒரு பொய் வருமா? பயம் என்றும் சொல்லமுடியாது. எனக்கு அந்த வேலை போயிருந்தால் லா சப்பலில் இன்னொரு கோப்பைத் தொட்டி கிடைத்திருக்கும். அன்று மாலை சூப்புக் குடிக்கும்போது சிவநேசன் என் தோளில் கைவைத்து, "விடு மச்சான், ஆருக்கும் வாறதுதான். செஃப் உன்னை ஏசினவரோ?" என்று கேட்டான். எனக்கு ஏச்சு விழுந்தது என்றே அவன் நினைத்தான்.

மாசிக் கடைசியில் எனக்கு மட்டும் கொந்திறா வந்தது. ஆள் குறைக்கிறார்களாம் என்று அவனிடம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உனக்காகக் கதைத்துப் பார்த்தேன், செஃப் கேட்கிறார் இல்லை என்றும் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு மெர்சி என்றான். அந்த ஒருமுறைதான் அவன் சொல்லைக் குழப்பாமல் சரியாகச் சொன்னான். பார்தோன் நான் சொல்லவேண்டியது.

நானும் ஒரு மாரிக்கு மேல் அங்கே நிற்கவில்லை. அவன் மனைவி வர மேலும் ஐந்து வருடம் பிடித்தது. வந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

செஃப் ஓய்வு எடுத்துச் சில வருடத்தில் இறந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வேலைக் குழு கலைந்துவிட்டது. சரிவுகளையெல்லாம் திரும்பவும் முள் மூடியிருக்கும். உண்மையைச் சொல்லிச் சிவநேசனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுக்க இனி ஒரு வாசலும் இல்லை.

அன்றைக்கு, அந்த வியாழக்கிழமை, முருங்கைக்காய்ப் பையோடு நடந்தபோது பிள்ளையார் கோயில் தெருவில் அவர்கள் இரண்டு பேரும் எதிரே வந்தார்கள். சிவநேசனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மனைவி என்னைக் கண்டதும் அர்ச்சனைத் தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணை, அந்த நாளிலை நீங்கள்தானே இவருக்காகச் செஃப்போடை கதைச்சனீங்கள். வருசாவருசம் உங்கடை பேரிலையும் ஒரு அர்ச்சனை செய்யிறனான். நட்சத்திரம்தான் தெரியாது. என்ன நட்சத்திரம்?"

சிவநேசன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்வதற்கு அதைவிட நல்ல தருணம் இனி வராது என்று எனக்குத் தெரிந்தது.

"அத்தம்" என்றேன். அதை மட்டும் உண்மையாகச் சொன்னேன்.